பச்சை விளக்கை நம்பிக் கல் நடாதீங்க: என்ட்ரிப் வைஃபை டப்பா, 2 வருஷம் கழித்து

"இன்னும் அந்த வைஃபை டப்பாவைத்தான் ஓட்டுறீங்களா, நானும் வாங்கலாமா?" என்று அரூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது. நிலம் அளக்கும் செயற்கைக்கோள் ரிசீவர் ஜெட்-எஃப்9பி. அதன் இருப்பிடப் பிழையைச் சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கும் திருத்தத்தை, என்ட்ரிப் என்ற முறையில் இணையம் வழியாக வாங்கித் தருவது இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் வைத்த டப்பா. மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும்.

எரிச்சல் ஒன்றுதான், அந்தப் பச்சை விளக்கு. வைஃபை சேர்ந்து, திருத்தம் அனுப்பும் சர்வரான காஸ்டரோடு இணைப்பு கிடைத்ததுமே எரிந்துவிடும். திருத்தம் ரிசீவருக்குள் போகிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

மவுண்ட்பாயிண்ட், அதாவது காஸ்டரில் நாம் எடுக்கும் திருத்த ஓடை, அதன் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் பழைய என்ட்ரிப் முறையில் காஸ்டர் பிழை சொல்லாது. தன்னிடமுள்ள மவுண்ட்பாயிண்ட் பட்டியலை அனுப்பும். டப்பா அதையும் டேட்டா என்றே எடுத்துக்கொண்டு பச்சை காட்டும். அதனால் முதல் தடவை லாக்கை (டப்பா எழுதிவைக்கும் பதிவை) திறந்து பாருங்கள். 'ஐசிஒய் 200 ஓகே' வந்தால் சரி. 'சோர்ஸ்டேபிள்' என்று வந்தால் பெயர் தப்பு, 401 வந்தால் பாஸ்வேர்ட் தப்பு. போர்ட் பெரும்பாலும் 2101. பல நிலையங்களைச் சேர்த்துக் கணக்கிடும் நெட்வொர்க் மவுண்ட்பாயிண்ட் எடுத்தால், ரிசீவர் தன் இருப்பிடத்தைச் சொல்லும் ஜிஜிஏ வரியைத் திருப்பி அனுப்பும் வசதியை ஆன் செய்யணும். நாம் நிற்கும் இடம் தெரியாமல் அது திருத்தம் தராது.

இந்த சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பார்க்கும். போன் ஹாட்ஸ்பாட் 5-ல் இருந்தால் பெயரே தெரியாது. யாரும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் செட்டிங்கையும் எடுத்துவிடுங்கள். டேட்டா செலவு மணிக்கு சில எம்பிதான், தினசரி பேக்கே தாராளம்.

வயரிங்கில் டப்பாவின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) ரிசீவரின் யூஆர்ட்2 என்ற சீரியல் போர்ட்டின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை) போகணும், கிரவுண்ட் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கணும். ரிசீவரின் சீரியல் வேகம் 38400-ல் வரும். டப்பாவை மட்டும் 115200 ஆக்கினால் ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியம்) வராது, விளக்கு மட்டும் எரியும்! இரண்டையும் ஒன்றாக்கி ஃப்ளாஷில் சேமிக்கணும். மெல்லிய யூஎஸ்பி கேபிள் போட்டால் வைஃபை இழுக்கும் நொடியில் வோல்டேஜ் விழுந்து டப்பா ரீஸ்டார்ட் ஆகும். குட்டையான, தடித்த கேபிள் போடுங்கள்.

அஞ்செட்டிப் பக்கம் வளைவுக்கு வளைவு டவர் போகும். போய்த் திரும்பினால் காஸ்டரில் பழைய லாகின் இன்னும் உயிரோடு இருக்கும். ஒரு பயனருக்கு ஒரே இணைப்பு என்றால் புதிது ஏறாது, ஒன்றிரண்டு நிமிஷம் விடணும். இதில் ஆபத்து என்னவென்றால், திருத்தம் நின்றதும் ரிசீவர் ஃபிக்ஸை உடனே விடாது. கம்பெனி செட்டிங்கை மாற்றாமல் வைத்திருந்தால் 60 நொடி வரை பழைய திருத்தத்திலேயே ஓட்டும். அந்த இடைவெளியில் எடுத்த புள்ளியை வைத்துப் புல எல்லைக் கல் நட்டால் பக்கத்துப் பட்டாக்காரர் சும்மா விடுவாரா?

ஆகவே விளக்கை விட்டுவிட்டு ஜிஜிஏ வரியைப் பாருங்கள். 6-வது இடத்தில் 4 என்றால் ஃபிக்ஸ், 5 என்றால் ஃப்ளோட், அதாவது புள்ளி இன்னும் உறுதியாகவில்லை. 13-வது இடம் திருத்தத்தின் வயது, நொடியில். 1, 2 என்று இருந்தால் நல்லது, 5-ஐத் தாண்டினால் புள்ளி எடுக்காதீர்கள்.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் டப்பாவுக்கு இல்லை. வயது 1 என்று காட்டியும் ஃப்ளோட்டிலேயே நின்றால் மாந்தோப்பு இலையோ குவாரிச் சுவரோ காரணமாக இருக்கும். பங்குனி, புரட்டாசியில் இருட்டிய பிறகு அயனமண்டலமும் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு) சிக்னலைப் படுத்தும். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், அதற்கு எந்த டப்பாவும் மருந்தில்லை. திறந்த கொல்லையில் திருத்தம் ஒழுங்காக வந்தால் பத்து நொடிக்குள் ஃபிக்ஸ், ஒரு பவர்பேங்கில் முழுநாள். இந்த விலைக்கு வேறென்ன கேட்பது?

இருந்தாலும் அந்தப் பச்சை விளக்குக்காகவே வாங்காதீங்க. அவசரம்னா என்னுடையதையே எடுத்துப் போங்க, கேபிளை மட்டும் மாத்தாதீங்க.