மோஸ் சர்ஜரியா, சாதாரண எக்ஸிஷனா?

பயாப்ஸில பேசல் செல் கார்சினோமான்னு (ஒரு வகை தோல் கேன்சர்) வந்ததும் நிறைய பேர் குழம்பற இடம் இதுதான், அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

எப்படி பண்றாங்க?
எக்ஸிஷன்: கட்டியச் சுத்தி 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தையல் போட்டு, லேபுக்கு அனுப்பிடுவாங்க. ரிசல்ட்டுக்கு சில நாள் காத்திருக்கணும்.
மோஸ்: மெல்லிசா ஒரு அடுக்கு எடுத்து, அங்கயே உறைய வெச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்து, கேன்சர் மிச்சம் இருக்கற இடத்துல மட்டும் அடுத்த அடுக்கு எடுப்பாங்க. 1930கள்ல அமெரிக்காவுல ஃப்ரெடரிக் மோஸ் ஆரம்பிச்ச முறை.

திரும்ப வருமா? இதத்தான் முதல்ல பார்க்கணும். எக்ஸிஷன்ல எடுத்தத பிரெட் ஸ்லைஸ் மாதிரி வெட்டிப் பார்க்கறதால ஓரத்துல ரொம்ப கொஞ்சம்தான் கண்ணுல படும், மோஸ்ல ஓரமும் அடிப்பக்கமும் முழுசா பார்த்துடறாங்க. நெதர்லாந்துல, முகத்துல முதல் தடவை வந்த கட்டிகள 10 வருஷம் ஃபாலோ பண்ணப்போ எக்ஸிஷனுக்கு அப்புறம் 12.2%, மோஸுக்கு அப்புறம் 4.4% திரும்ப வந்துச்சு.

நேரம், செலவு: எக்ஸிஷன் சீக்கிரம் முடியும், காசும் கம்மி. மோஸுக்கு அரை நாளோ முழு நாளோ ஆகலாம், ட்ரெய்னிங் எடுத்த டாக்டரும் வேணும். ரெண்டுமே பெரும்பாலும் லோக்கல் அனஸ்தீசியாதான், பயப்படாதீங்க.

முதுகு, கையில சின்ன கட்டின்னா எக்ஸிஷனே போதும். மூக்கு, இமை, உதடு, காது, இல்ல ஒருதடவ எடுத்தும் திரும்ப வந்ததுன்னா கொஞ்சம் தூரம் போகணும்னாலும் மோஸ் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. மெலனோமாங்கற இன்னொரு வகை தோல் கேன்சர் விஷயம் வேற, அதுக்கு பெரும்பாலும் 1லேர்ந்து 2 செ.மீ. ஓரம் விட்டு வெட்டற எக்ஸிஷன்தான்.