நிலக்கரி வேகன் கட்ட வெள்ளை உலோகமா, பித்தளையா?

1950களில் பிரிட்டனின் சரக்கு யார்டுகளில் வரிசை வரிசையாக நின்ற 16 டன் நிலக்கரி வேகனை, அந்த மேல் திறந்த எஃகுப் பெட்டியை, மாடல் ரயில்களின் ஓஓ அளவில் உலோகக் கிட்டாக (துண்டுகளாக வரும், நாமே கூட்டிக் கட்டும் தொகுப்பு) கட்ட நினைத்தால் உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது: வெள்ளை உலோக (எளிதில் உருகும் வெள்ளீயக் கலவை) வார்ப்பு, அல்லது அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடு. இந்த வேகனுக்கு என் ஓட்டு பித்தளைக்குத்தான், ஆனால் முதல் கிட் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் சுவரின் தடிமன். நிஜ வேகனின் பக்கத் தகடு சில மில்லிமீட்டர்தான். ஓஓ என்பது 1:76. வெள்ளை உலோகத்தை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே ஒழுங்காக வார்ப்பது கஷ்டம், அந்த ஒரு மில்லிமீட்டரை 76 மடங்காக்கிப் பாருங்கள், ஏழரை சென்டிமீட்டர் வருகிறது, அது வேகனின் சுவரா, கோட்டைச் சுவரா? மூடிய பெட்டியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இது மேலே திறந்த வண்டி, மேசையில் ஓடும்போது நாம் பார்ப்பதே அந்த மேல் விளிம்பைத்தான். கால் மில்லிமீட்டர் பித்தளையும் கணக்குப்படி தடிமன் அதிகம்தான், ஆனால் கண் ஏமாந்துவிடும். வெள்ளை உலோகத்தில் விளிம்பின் உள்பக்கத்தை அரத்தால் சரித்துத் தேய்த்து மெல்லியதாகக் காட்டலாம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி வர பொறுமை வேண்டும்.

சரி, கட்டுவது எப்படி? வெள்ளை உலோகத்தில் ரிவெட், கீல், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் வார்ப்பிலேயே இருக்கும். ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுத்து, வளைந்து வந்த பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலாலேயே அழுத்தி நேராக்கி, எபாக்சி பசை போட்டு ஒட்டிவிடலாம். பித்தளையில் வெறும் தட்டைத் தகடுதான் கைக்கு வரும். ரிவெட் போட்ட வகை வேகன் என்றால் தகட்டின் பின்னால் இருக்கும் பாதி அரித்த குழிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தட்டி முன்பக்கம் தலை எழுப்ப வேண்டும், அதுவும் மடிப்பதற்கு முன்பே. மடிப்பதற்காகத் தகட்டில் பாதி அரித்து வைத்திருக்கும் கோடு மடிப்பின் உள்பக்கம் வரும்படி மடக்க வேண்டும் (கிட்டின் குறிப்பில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய), வெளிப்பக்கமாக மடக்கினால் மூலை வாய் பிளந்து நிற்கும், திருப்பி மடக்கப் போனால் முறிந்துவிடும். தட்டுகிற வேலை அலுப்புதான், ஆனால் வெல்டிங் செய்த உடல் கொண்ட 16 டன் வேகன்களும் ஏராளமாக இருந்தன, அந்த வகையை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சால்டரிங் (சூட்டுக்கோலான அயர்னால் சால்டர் என்ற பற்றாசை உருக்கி ஒட்டுவது) என்றதும் பலர் பித்தளையைக் கண்டு பயப்படுகிறார்கள், உண்மையில் பயப்பட வேண்டியது வெள்ளை உலோகத்தைக் கண்டுதான். சாதாரண அயர்ன் முனை 350 டிகிரி அளவில் இருக்கும், வெள்ளை உலோகம் அதற்கு வெகு கீழேயே உருகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்னும் 70 டிகிரியில் உருகும் சால்டரும் இல்லாமல் தொட்டால் பஃபர் (வேகன் முனையில் மோதலைத் தாங்கும் முட்டு) இருந்த இடத்தில் ஒரு சொட்டுதான் இருக்கும். பித்தளைக்கு நல்ல சூடு, தடித்த முனை, அமில ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் பூசும் திரவம்), 145 அல்லது 188 டிகிரி சால்டர் போதும். கோணலாகிவிட்டால் மறுபடி சூடுகாட்டிப் பிரித்துக்கொள்ளலாம். வேலை முடிந்த அன்றே தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பச்சை பூத்து, அப்புறம் பெயின்ட் நிற்காது.

எடையில் வெள்ளை உலோகம் கெட்டி. ஒரு அச்சுக்கு 25 கிராம், அதாவது இரண்டச்சு வேகனுக்கு 50 கிராம் என்பது பலர் வைத்திருக்கும் கணக்கு. முழு வார்ப்பு வேகன் அதைச் சுலபமாகத் தாண்டும். ஒரு வேகனுக்கு அது நல்லதே, நடுங்காமல் ஓடும். முப்பது வேகன் கோத்து ஏற்றத்தில் இழுக்கச் சொன்னால் சின்ன எஞ்சின் சக்கரம் சுற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். பித்தளையில் குறைகிற எடையை அடியில் ஈயத் துண்டு வைத்தோ நிலக்கரிக் குவியலுக்குக் கீழே ஒளித்தோ ஈடுகட்டலாம், காலி வேகனாகக் காட்ட ஆசைப்பட்டால் அடிப்பக்கம் மட்டும்தான் இடம்.

சக்கரத்திலும் பித்தளை ஒரு படி மேல். 36 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு அச்சுகளில் ஒன்றை லேசாக ஆடும்படி அமைக்கும் மடிப்புத் தகடு பல கிட்டுகளில் கூடவே வரும், கோணலான தண்டவாளத்திலும் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும். முழு வார்ப்பில் பசை இறுகுவதற்குள் கண்ணாடி மேல் வைத்து நான்கையும் சமமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய வெள்ளை உலோகக் கிட்டுகளில் ஈயம் கலந்திருக்கும், அரம் போட்ட தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கையைக் கழுவாமல் டீயைத் தொட வேண்டாம்.

நான் வாங்கச் சொல்வது இரண்டும் கலந்த கிட்: உடல் பித்தளை, அச்சுப்பெட்டியும் (அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி) பஃபரும் வார்ப்பு. உருண்டு திரண்ட சாமான்களுக்கு வார்ப்புதான் அழகு, தகட்டில் அடுக்கிச் செய்த அச்சுப்பெட்டி எனக்குப் பிடிப்பதே இல்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் 188இல் உடலை முடித்து, வார்ப்பு உட்காரும் இடங்களில் பித்தளைக்குச் சாதாரண சால்டரை மெல்லப் பூசி வைத்து, கடைசியில் சூட்டைக் குறைத்து 70இல் வார்ப்புகளை ஏற்றுங்கள், அந்தப் பூச்சு இல்லாவிட்டால் 70 டிகிரி சால்டர் பித்தளையில் சரியாகப் பிடிக்காது.