ஏற்காடு விடுதி ரிசப்ஷன்: மேனேஜரைக் கேட்பதா, ஊழியரே முடிவெடுப்பதா?

மே மாதக் கூட்டம். இரவு பத்து மணிக்கு கீசர் ஓடவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த குடும்பம் ரிசப்ஷனில் நிற்கிறது.

"மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்பது முதல் வழி. கணக்கு பிசகாது, புதிய ஊழியருக்கும் பாதுகாப்பு. ஆனால் மேனேஜர் போனை எடுக்கும்வரை திட்டு வாங்குவது ஊழியர்தான்.

இரண்டாவது வழியில் ஊழியரே அறை மாற்றலாம், வாடகையில் உதாரணமாக 500 ரூபாய் வரை குறைக்கலாம். காரணத்தை ரிஜிஸ்டரில் எழுதினால் போதும். உளவியல் அதிகாரமளித்தலுக்கு, அதாவது வேலை தன் கையில் இருக்கிறது என்று ஊழியரே உணர்வதற்கு, 1995-இல் மேலாண்மை ஆய்வாளர் கிரெட்சன் ஸ்ப்ரைட்சர் நான்கு கூறுகள் சொன்னார்: வேலையில் அர்த்தம், திறமையில் நம்பிக்கை, சுயமுடிவு, தன் செயலுக்குப் பலன் உண்டென்ற உணர்வு. அனுமதி மட்டும் கொடுத்தால் சுயமுடிவுதான் வரும். காலி அறைப் பட்டியலும் மாற்றுச் சாவியும் கையில் இல்லாமல் நம்பிக்கை எப்படி வரும்?

இந்த வழி பெரும்பாலும் கெடுவது மறுநாள் காலையில். "யாரைக் கேட்டுக் குறைச்சே?" என்று மேனேஜர் ஒருமுறை அதட்டினால் போதும், எல்லோரும் மறுபடி போனைத் தூக்குவார்கள். வரம்புக்குள் எடுத்த முடிவு தவறானாலும் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது.

சீசனுக்கு இரண்டாவதே சரி. கூட்டம் குறைந்த மார்ச்சிலேயே பழக்கிவிட வேண்டும்.