ஐசியூவுக்குள் நாதஸ்வரம் போகலாமா?

பெரியப்பாவுக்கு நிமோனியா. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் வைத்திருந்தார்கள். வைத்தியத்தில் குறையில்லை, அதை விடுங்கள். எனக்கு வயிற்றெரிச்சல் ஹெட்போன் பஞ்சாயத்தில்தான்.

பெரியப்பா வீரவநல்லூர்க்காரர். பக்கத்து ஊர் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் என்றால் உயிர். 1964-இல் அந்த மனுஷன் போன பிறகு, எந்தக் கல்யாணத்தில் யார் வாசித்தாலும் "ம்ஹூம்" என்று உதட்டைப் பிதுக்குவார். அருணாசலத்தின் பழைய ஆலாபனைகளைப் போனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே செக்யூரிட்டி மறித்தார். "அண்ணாச்சி, செல்லு உள்ள கொண்டு போவப்படாது." பாட்டுக்குத்தான் என்றேன். "உள்ள கோயில் கொடையா நடக்கு, மேளம் வைக்க?" ஹெட்போனில் கிருமி வரும் என்றார் ரிசப்ஷன் பெண். ஸ்பிரிட்டில் துடைத்தே தருகிறேன் என்றால், டியூட்டி டாக்டரைக் கேட்கணுமாம். அவர் பெரிய டாக்டரைக் கேட்கணுமாம். பெரிய டாக்டர் திருச்செந்தூர் போயிருந்தார்! இத்தனைக்கும் வெயிட்டிங் ஹாலில் சீரியல் அலறுகிறது, உள்ளே நாலு மானிட்டர் மாறி மாறிக் கத்துகிறது. நோயாளி அறையில் ராத்திரி 30 டெசிபல்தான் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு யார் செக்யூரிட்டி?

பெரியாஸ்பத்திரியில் ஆச்சி கிடந்தபோது கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம், தலைமாட்டில் டிரான்சிஸ்டர் பாடியது. ஐசியூ வேறு, தெரியும். ஆனால் அமெரிக்காவில் நான் இருக்கிற மினியாபொலிஸ் - செயின்ட் பால் பகுதியிலேயே 12 ஐசியூக்களில், வெண்டிலேட்டரில் இருந்த 373 பேரை வைத்துச் சோதித்து, 2013-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். என்ன பாட்டுப் பிடிக்கும் என்று இசைச் சிகிச்சையாளர் விசாரித்துச் சேர்த்துக் கொடுப்பார். பதற்றம் வரும்போது நோயாளியே ஹெட்போனை மாட்டிக்கொள்வார். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குப் பயமும் குறைந்தது, மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. கொஞ்சம் நினைவோடு இருப்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். பெரியப்பா கண் திறந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

நைட் டியூட்டி சிஸ்டர் சின்னப் பொண்ணு. "ஏரோபிளேன் மோடுல போட்டுக் குடுங்க சார், நான் வைக்கேன்." அவ்வளவுதான்! போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தாள். தோடி ராகம் தொடங்கியதும் பெரியப்பா விரலைத் தூக்கினார். நிறுத்தச் சொல்கிறாரோ என்று பயந்தேன். இன்னும் சத்தமாக வேண்டுமாம்.

திருச்செந்தூரிலிருந்து வந்த பெரிய டாக்டர், "தாராளமா வைங்களேன்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். செக்யூரிட்டிக்கு மட்டும் அந்தச் சேதி கடைசிவரை எட்டவில்லை. தினமும் வாசலில் அதே கொடை, அதே மேளம்.