கவுச் டு 5கே செயலி: சூட்சுமம் நான்காவது வாரத்தில்

புதிதாக ஓட வருகிறவர்கள் முதல் நாளே ஒரு கிலோமீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டு, மறுநாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குவார்கள். அந்த உற்சாகத்துக்குக் கடிவாளம் போடுகிற திட்டம்தான் 'கவுச் டு 5கே', அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு. 1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தது. பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்எச்எஸ் இதைச் செயலியாக்கி இலவசமாகத் தருகிறது. 9 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஒரு நாளாவது ஓய்வு.

செயலி செய்வது ஒரே வேலை: எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று காதில் சொல்லும். பாட்டு கேட்டுக்கொண்டே ஓடினாலும் குரல் நடுவில் வரும். அதற்குக் குரல் கொடுத்தவர்களில் மைக்கேல் ஜான்சனும் உண்டு. அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். நம்மை 60 விநாடி ஓடச் சொல்ல அவர் எதற்கு என்று தோன்றும், ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். அது ஒத்துவராவிட்டால் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஓட்டத்துக்கும் நடைக்கும் மாறி மாறி மணியடிக்கும் ஏதாவது இன்டர்வல் டைமரில் ஏற்றிக்கொள்ளலாம். பயிற்சி ஒன்றும் கெட்டுப்போகாது.

எல்லா நாளும் முதலில் 5 நிமிட வேகநடை. முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, எட்டு முறை. இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை, ஆறு முறை. இந்த இரண்டு வாரத்தில் திணறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் குறை தெம்பில் இல்லை, வேகத்தில்தான். 'ஓடு' என்றதும் பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல் பாய்கிறார்கள். ஆறாவது சுற்றில் நாக்கு தள்ளுகிறது. ஓடும்போதே, "வர்றப்ப பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். 'பாக்கெட்' வரும்போதே மூச்சு முட்டினால் இன்னும் மெதுவாக, அடியைச் சின்னதாக வைத்து ஓடுங்கள். ட்ரெட்மில்லில் என்றால் நடைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஓட்டத்துக்கு 7 என்று வைத்துத் தொடங்கலாம். பக்கத்தில் வேகமாக நடப்பவர் நம்மைத் தாண்டிப் போனாலும் கவலை வேண்டாம்.

இந்தத் திட்டத்தில் எல்லோரும் பயப்படுவது ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளுக்கு. அன்று நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓட வேண்டும். அதற்கு முந்தைய ஓட்டத்தில் ஒரே மூச்சாக ஓடியது 8 நிமிடம்தான். கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த 8 நிமிடம் இரண்டு முறை, ஆக மொத்தம் 16. பதினாறிலிருந்து இருபது என்பது கால்களுக்குப் பெரிய சுமை இல்லை. நடுவில் இருந்த நடை மட்டும்தான் போகிறது. மெதுவாக ஓடினால் அந்த இழப்பை மூச்சு சமாளித்துவிடும்.

பெரிய தாவல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் 90 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, 3 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை, இப்படி இரண்டு சுற்று; ஒரு நாளைக்கு மொத்த ஓட்டம் 9 நிமிடம். நான்காம் வாரத்தில் 3, 5, 3, 5 என்று நான்கு ஓட்டம், மொத்தம் 16. ஒரே வாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கல, கால்தான் வலிக்குது" என்ற புகார் இங்கேதான் கிளம்பும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலான வலி. விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோகிறது, ஓட ஓடக் குறைகிறது என்றால் சில நாள் ஓய்வு கொடுத்து, முந்தைய வாரத்துக்குத் திரும்பினால் போதும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று குத்தினாலோ, சும்மா நிற்கும்போதே வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம்.

இதற்கு ஒரு எளிய வழி: மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சொந்தமாக ஒரு வாரத்தைச் செருகுங்கள். 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, நான்கு முறை. மொத்தம் 12 நிமிடம். செயலியில் பழைய நாளைத் திரும்ப ஓடலாமே தவிர இப்படிப் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது; அந்த வாரம் மட்டும் டைமர்தான். நாற்பது தாண்டியவர்கள், எடை கூடியவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்நாட்டுச் செயலி என்பதால் வெயிலைப் பற்றிய கவலை அதற்கு இல்லை. சென்னையில் ஓடுகிறவர் அதைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். விடியற்காலை வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே ஊறும், உடல் சூடு இறங்காது. மே மாதத்தில் அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம் ஆனால் அது பின்னடைவு இல்லை. மெரினாவில் என்றால் நடைபாதையிலேயே ஓடுங்கள், மணலில் இறங்க வேண்டாம். மணலில் குதிகால் புதைந்து, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அதிகம் இழுபடும். தெருவில் ஓடினால் ஒரு காதில் மட்டும் ஹெட்செட். நாய் குரைப்பதும் ஹாரனும் கேட்க வேண்டும்.

பெயரில் மட்டும் கொஞ்சம் ஏமாற்று. ஏழாம் வாரம் 25, எட்டாம் வாரம் 28, ஒன்பதாம் வாரம் 30 நிமிடம் என்று திட்டம் முடிகிறது. 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் வர வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓட வேண்டும். பால் பாக்கெட் வேகத்தில் ஓடும் புதியவருக்கு அது எட்டாது. எட்டு நிமிட வேகத்தில் 3.75 கிலோமீட்டர்தான் வரும். மீதியை வேகத்தைக் கூட்டிப் பிடிக்கப் பார்ப்பதுதான் ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகு நடக்கும் பெரிய தவறு. நேரத்தை நீட்டுங்கள், அதுவும் மூன்று நாளில் ஒரே ஒரு நாளில். 33, அடுத்த வாரம் 36, பிறகு ஒரு வாரம் 30-க்கு இறங்கி ஓய்வு, அதற்கடுத்து 40. மற்ற இரண்டு நாளும் 25 நிமிடத்திலேயே இருக்கட்டும். எட்டு நிமிட வேகத்தில் 40 நிமிடம் ஓடினால் கணக்குப்படி 5 கிலோமீட்டர்.