சித்தப்பாவின் சோலார் மோட்டார் நின்ற 11 நாள்

சிங்கப்பூரிலிருந்து வந்து திருச்சியில் இறங்கியதும் இந்த முறை நேரே மன்னார்குடிப் பக்கம் போகவில்லை. மனைவியின் ஊர் மேட்டுப்பாளையம். நாலு நாள் அங்கே இருந்துவிட்டு, மே கடைசியில்தான் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம்.

ஊரில் ஒரே பேச்சு, ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்பதுதான். சித்தப்பா அதற்குக் காத்திருக்காமல் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். போர்க் கிணற்றில் சோலார் மோட்டார் இருக்கும் தைரியம். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் 60 சதவீத மானியத்தில் போட்டது, 5 எச்.பி. மனு கொடுத்ததிலிருந்து சோலார் பலகை நிறுத்தியது வரை யாரும் தன்னை அலையவிடவில்லை என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். அதைக் கேட்கவே நிறைவாக இருந்தது.

காலையில் வெயில் ஏறுமுன் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பலகைகளைத் துடைப்பார். மண் லாரி போகும் சாலை, ஒரு நாள் விட்டாலும் புழுதி அப்பிவிடும். எட்டு மணிக்கு விரல் கனத்துக்கு வரும் தண்ணீர், பத்தரைக்கெல்லாம் குழாய் நிறைந்து தொட்டியில் கொட்டும். ஒரு மேகம் கடந்தால் மெலியும். கடந்ததும் மறுபடி தடிக்கும். மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் போன மூன்றாம் நாள் ராத்திரி பெரிய இடி. விடிந்து பார்த்தால், பலகையின் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கும் கண்ட்ரோலர் பெட்டியில் சிவப்பு விளக்கு. மோட்டார் எடுக்கவில்லை. 5 வருடப் பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. போன் போட்டால் “புகார் பதிவாயிடுச்சு சார்” என்பார்கள்; ஆள் வரமாட்டார். 11ஆம் நாள் ஒரு பையன் பைக்கில் வந்தான். 20 நிமிடத்தில் ஒரு சின்னப் பாகத்தை மாற்றினான், தண்ணீர் வந்துவிட்டது. சுற்றுவட்டாரம் முழுக்க அவன் ஒருவன்தானாம். அவனைக் கோபித்து என்ன? அந்த 11 நாளும் பக்கத்துக் கொல்லை கரண்டு மோட்டாருக்கு மணிக் கணக்கில் பணம் கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். அப்படியும் நாற்றங்காலின் ஓரம் பழுத்துவிட்டது.

எங்கள் ஊரில் மட்டும் நாலு சோலார் மோட்டார் இருக்கிறது. நாலு பேரும் தனித்தனியாகப் போன் போட்டு, தனித்தனியாகக் காத்துக் கிடக்கிறார்கள். எனக்கு மேட்டுப்பாளையம் ஞாபகம்தான் வந்தது. அதன் பக்கத்தில் நீலகிரி மலையடிவாரத்தில் ஓடந்துறை இருக்கிறது. அந்த ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பெயரிலேயே நிறுவியது. ஊர்த் தேவை போக மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. ஊருக்கே சொந்தம் என்பதால் அது நின்றால் கேட்பதற்கு ஊரே இருக்கிறது.

விற்பது என்றதும் இன்னொன்று உறுத்துகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சித்தப்பாவின் மோட்டாருக்குப் பெரும்பாலும் வேலையில்லை. சம்பா முடியும் வரை அத்தனை பலகையும் வெயிலில் சும்மா காயும். மின்கம்பியோடு சேராத மோட்டார் என்பதால் விற்கவும் வழியில்லை. மோட்டாரோடு மற்ற இயந்திரங்களையும் ஓட்டும் பொதுக் கண்ட்ரோலர் (யுனிவர்சல் கண்ட்ரோலர்) மாட்டினால் அதே பலகையில் மாவு மில்லும் புல்வெட்டும் இயந்திரமும் ஓட்டலாம். சோலார் மோட்டாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் குசும் திட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை எங்கள் ஊரில் யாருக்கும் சொன்னவர்கள் இல்லை. பலகையைக் கொடுப்பவர்கள் இதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

வாய்க்கால் விஷயத்தில் மனசு ஆறவில்லை. பெரிய ஆற்றில் பொக்லைன் இறங்கித் தூர்வாரியிருந்தது. எங்கள் வயலுக்கு வரும் கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கின்றன. அதில் தண்ணீர் ஓடினால்தான் போரில் ஊறும். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் எட்டாவிட்டால் எல்லோரும் போரைத்தான் நம்புவார்கள். வெயில் காசு கேட்காது என்று நாளெல்லாம் இறைத்தால் நிலத்தடி நீர் இறங்கும், கடலோரத்தில் உப்பும் ஏறும். முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவார்களாம், குடிமராமத்து என்று. “இப்ப கூப்பிட்டா யாரு தம்பி வரா?” என்றார் சித்தப்பா.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நாலு மோட்டார்க்காரர்களையும் எங்கள் திண்ணையில் உட்கார வைத்தேன். ஊரில் ஐ.டி.ஐ. எலக்ட்ரிகல் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். நாலு புகார் எண், நாலு ஒப்பந்தத் தேதி எல்லாவற்றையும் ஒரே நோட்டில் அவள் எழுதிக்கொண்டாள். இடியிலிருந்து கண்ட்ரோலரைக் காக்கும் இடிதாங்கிப் பாகம் இரண்டு வாங்கி வைக்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். வாய்க்காலுக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாக மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.