மேல்வயிற்று வலி: முதலில் ஸ்கேனா, எண்டோஸ்கோபியா?

விலா எலும்புக்குக் கீழே, நடு வயிற்றிலோ வலப்பக்கத்திலோ ஒரு வலி. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வரும், இல்லையென்றால் நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும். சில மணி நேரம் ஆளைப் புரட்டி எடுத்துவிட்டுத் தானாகவே போய்விடும். இது இரைப்பையின் வேலையா, பித்தப்பையின் வேலையா என்று தெரியாமல் நிற்பவருக்குப் பொதுவாக நாலு வழிகள் சொல்லப்படும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் போட்டுப் பார்ப்பது, எண்டோஸ்கோபி, வயிற்று அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன். எனக்கு இந்த வலி வந்தபோது அல்ட்ராசவுண்டைத்தான் முதலில் எடுத்தேன். இன்று யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆகவே நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பீடெல்லாம் வலி வந்து அடங்கிவிட்டவர்களுக்கு. ஆறு மணி நேரம் தாண்டியும் வலி விடவில்லை, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ சேர்ந்திருக்கிறது, கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுத்துப் போகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் எந்தச் சோதனை நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பித்தநாளத்தில் (பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்) கிருமித் தொற்று என்று சந்தேகிப்பார்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்று வலியாகவும் வரும்.

இனி வலியைப் பற்றி. பித்தப்பையில் வலி வருவது பெரும்பாலும் அதற்குள் உருவாகும் கல்லால்தான். பித்தப்பை வலி விட்டுவிட்டுச் சுருட்டும் வலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறி, ஓர் உச்சத்தில் நின்று, அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், புரண்டு படுத்தாலும் குறையாது. வலது தோள்பட்டை எலும்பு வரை போகலாம். குடல், பித்தப்பைக் கோளாறுகளுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் ரோம் 4 அளவுகோல் (2016) இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது: வலி குறைந்தது 30 நிமிடமாவது நீடிக்க வேண்டும், தினமும் வராமல் ஒழுங்கற்ற இடைவெளியில் வர வேண்டும், வேலையை நிறுத்திப் படுக்க வைக்கும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும், அமில மாத்திரைக்குப் பெரிதாக அசையக் கூடாது. தினமும் சாப்பிட்டவுடன் வயிறு உப்புவது, புளித்த ஏப்பம், நெஞ்சு எரிவது மட்டும்தான் தொல்லை என்றால் பித்தப்பையைச் சந்தேகிக்க வலுவான காரணம் இல்லை.

அந்த "ஒழுங்கற்ற இடைவெளி" என்பதில்தான் என் முடிவுக்கான காரணம் முழுவதும் இருக்கிறது. இந்த வலி வந்து போகும் வலி. இன்றிரவு வரும், அடுத்தது மூன்று வாரம் கழித்து வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். மருத்துவர் முன் போய் உட்காரும் நேரத்தில் பெரும்பாலும் நமக்கு ஒன்றுமே இருக்காது. ஆகவே நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வலி போன பிறகும் எந்தச் சோதனை சாட்சி சொல்லும்?

மாத்திரைச் சோதனை இதில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. அடுத்த வலி எப்படியும் சில வாரம் கழித்துத்தான் வரப்போகிறது என்றால், அந்த இடைவெளியில் மாத்திரை போட்டவர் "குணமாகிவிட்டது" என்றுதான் சொல்வார். தானாக வந்த அமைதி மாத்திரையின் கணக்கில் போய்ச் சேரும். இப்படியே ஆண்டுக்கணக்கில் "கேஸ் பிரச்சினை" என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தினசரி எரிச்சலுக்கு அது நியாயமான முதல் படிதான். விட்டுவிட்டு வரும் கடும் வலியை அடையாளம் காண அது சரியான கருவி இல்லை, அவ்வளவே.

எண்டோஸ்கோபி வேறு விதமாகத் தடுமாறுகிறது. வாய் வழியே விடும் அந்தக் கேமராக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் உட்சுவரைப் பார்க்கும். பித்தப்பை அதன் பார்வைக்கு வெளியே இருக்கிறது. புண் இருந்தால் அழகாகக் காட்டிவிடும். அதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் இரைப்பையில் லேசான சிவப்பு, லேசான அழற்சி என்பது எத்தனையோ பேருக்கு இருக்கும். "இரைப்பை அழற்சி" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்தவுடன் தேடல் அங்கேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. ஒன்றும் இல்லை என்பதைவிட, பொருத்தமில்லாத ஏதோ ஒன்று கிடைப்பதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. ஆனால் விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தார் போன்ற கறுப்பு மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் என் வரிசை தலைகீழாக மாற வேண்டும். அங்கே எண்டோஸ்கோபிதான் முதலில். இடையே ஒரு சிறு தகவல்: இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ எடுப்பதாக இருந்தால், அமிலத்தைத் தடுக்கும் பிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரக்கூடும்.

அல்ட்ராசவுண்டுக்கு வருகிறேன். பித்தப்பை கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள சின்னப் பை. சுமார் 30 முதல் 50 மி.லி. பித்தநீர் பிடிக்கும். திரவம் நிறைந்த பை ஒலி அலைக்குக் கறுப்பாகத் தெரியும். அதற்குள் கல் இருந்தால் மூன்று அடையாளம்: கல் வெள்ளையாக மின்னும், அதன் பின்னால் ஒலி புகாமல் கறுப்பு நிழல் விழும், நீங்கள் புரண்டு படுத்தால் அது உருண்டு இடம் மாறும். நிழலும் இல்லாமல், நகரவும் செய்யாமல் சுவரோடு ஒட்டியிருந்தால் அது பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி. நிழலில்லாமல் மெல்ல வழிந்து இடம் மாறினால் கெட்டியான பித்தச் சகதி. பைக்குள் கிடக்கும் கல்லைக் கண்டுபிடிப்பதில் இந்தச் சோதனை மிகவும் நம்பகமானது. பெரும்பாலான மருத்துவ நூல்கள் 95 சதவீதம் அளவுக்குச் சொல்கின்றன. முக்கியமாக, வலி வந்த அன்று பார்த்தாலும் வலியே இல்லாத மாதத்தில் பார்த்தாலும் கல் அங்கேதான் இருக்கும். கதிர்வீச்சு இல்லை; சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு முறையும் தயங்காமல் எடுக்கலாம்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு சுலபமாக இல்லை. 1924-இல் எவார்ட்ஸ் கிரஹாம், வாரன் கோல் என்ற அமெரிக்க மருத்துவர்கள் சாயம் கொடுத்து எக்ஸ்ரேயில் பித்தப்பையைத் தெரிய வைத்தார்கள். பிறகு அது மாத்திரை வடிவத்துக்கு வந்தது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் நோயாளிகள் முந்தின இரவே சாய மாத்திரைகளை விழுங்கிவிட்டு மறுநாள் போய் நிற்க வேண்டியிருந்தது. சாயமில்லாத சாதா எக்ஸ்ரேயில் பத்துக் கல்லில் ஒன்றோ இரண்டோதான் தெரியும்.

ஆனால் இந்தச் சோதனையின் தரம் இரண்டு பேர் கையில் இருக்கிறது. ஒருவர் நீங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் போனதும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும். சுருங்கிய பையில் சின்னக் கல் ஒளிந்துகொள்ளும், சுவரும் தடித்ததுபோல் காட்டும். சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்தால் அழற்சி என்று சந்தேகிப்பார்கள்; சாப்பிட்டுவிட்டுப் போனால் அந்தக் குழப்பம் நாமே வரவழைத்தது. காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. "ஒரு காபி மட்டும்தானே" என்ற சலுகையும் கூடாது, பாலும் கொழுப்புதான். இன்னொருவர் ஸ்கேன் செய்பவர். பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் மல்லாந்து படுத்த நிலையில் கண்ணில் படாமல் போகலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தும் பார்த்தார்களா என்று தயங்காமல் கேட்கலாம். வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், கருவியைப் பித்தப்பையின் மேல் வைத்து அழுத்தும்போது சரியாக அந்த இடத்தில் வலிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கடும் அழற்சிக்கு அது நல்ல துப்பு.

சி.டி. பெரிய இயந்திரம் என்பதாலேயே அது இன்னும் துல்லியமாகக் காட்டும் என்று நினைப்பது இயல்பு. பித்தப்பைக் கல்லைப் பொறுத்தவரை அப்படி இல்லை. கல்லில் பெரும்பகுதி கொலஸ்டிரால். அதன் அடர்த்தி பித்தநீரின் அடர்த்திக்கு நெருக்கமாக இருந்தால், தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு மாதிரி சி.டி.யில் தெரியாமலே போகும். நாலைந்து பேரில் ஒருவரின் கல்லை அது தவறவிடலாம். கணைய அழற்சி, பித்தப்பை ஓட்டை, வயிற்றின் வேறு உறுப்புகளில் சிக்கல் என்று சந்தேகம் விரியும்போதுதான் அதன் அருமை தெரியும். முதல் சோதனையாக அதற்கு நான் இடம் தரமாட்டேன்.

ரத்தப் பரிசோதனையை மேலே உள்ள நாலோடு போட்டியிட வைக்கவில்லை. அது ஸ்கேனுக்குத் துணை. கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் கல்லீரல் நொதிகள் சில மணி நேரத்தில் எகிறும். கல் குடலுக்குள் விழுந்துவிட்டால் சில நாளில் இறங்கிவிடும். வலி போய்ப் பத்து நாள் கழித்து எடுத்த ரத்தம் ஒழுங்காக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எனக்கும் அப்படித்தான் எல்லாம் சரியான அளவில் வந்தது. ஸ்கேனில் கல் இருந்தது. அதனால் அடுத்த முறை வலி வந்தால் அன்றைக்கே, தள்ளினால் மறுநாளே, பிலிரூபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி), கல்லீரல் நொதிகள், லைபேஸ் (கணைய நொதி) மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள் என்று என் மருத்துவர் சொன்னார். அந்த ஒரு அறிவுரை எனக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கல் சந்தேகம் உள்ளவருக்கு அல்ட்ராசவுண்டையும் கல்லீரல் ரத்தச் சோதனையையும்தான் முதலில் வைக்கிறது.

அல்ட்ராசவுண்டின் பலவீனம் பைக்கு வெளியே இருக்கிறது. பித்தநாளத்தில் சிக்கிய கல்லில் ஏறக்குறைய பாதியை அது தவறவிடும், ஏனென்றால் நாளத்தின் கடைசிப் பகுதியைக் குடல் வாயு மறைத்துவிடும். நாளம் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, பிலிரூபின் கூடியிருந்தாலோ அடுத்தது, எம்.ஆர்.ஐ. கருவியில் பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. சோதனை. அதிலும் தெளிவாகாவிட்டால், குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்து உள்ளிருந்தே பார்க்கும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட்; எம்.ஆர்.சி.பி.க்குப் பிடிபடாத பொடிக் கல்லும் அதில் பிடிபடும். ஈ.ஆர்.சி.பி. என்பது வாய் வழியே குழாய் விட்டுப் பித்தநாளத்திலிருந்து கல்லை எடுப்பதற்கான வழி. அதனால் கணைய அழற்சியே வரும் அபாயம் இருப்பதால், பார்ப்பதற்கென்று மட்டும் இப்போது அதைச் செய்வதில்லை.

ஸ்கேன் இரண்டு முறையும் சுத்தம், வலி மட்டும் அதே மாதிரி வருகிறது என்பவர்களுக்கு ஹைடா என்ற அணு மருத்துவ ஸ்கேன் இருக்கிறது. கல் இல்லாத பித்தப்பை எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பார்கள்; சுமார் 35 முதல் 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இயக்கக் குறைபாடு என்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, எனவே அதன் அனுபவத்தைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பித்தப்பையை அறுவை செய்து எடுக்கத் துணிய வேண்டாம் என்பதில் மருத்துவர்கள் பலரும் கவனமாகவே இருக்கிறார்கள்.

ஸ்கேன் கட்சிக்காரனான நான் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. கல் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் நாலு பேருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. எண்டோஸ்கோபியில் "இரைப்பை அழற்சி" என்ற வரி ஏமாற்றுவதைப் போலவே, ஸ்கேனில் "கல்" என்ற வரியும் ஏமாற்றக்கூடும். நெஞ்செரிச்சலுக்காக ஸ்கேன் எடுத்தவருக்குத் தற்செயலாகக் கல் தெரிந்து, பையை எடுத்த பிறகும் எரிச்சல் அப்படியே இருப்பது நடக்கிற கதைதான். சாட்சி சொல்வது ஸ்கேன் என்றாலும், குற்றம் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டியது வலியின் வரலாறு. அதனால் வலி வந்த தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றது, எங்கே பரவியது, காய்ச்சலோ மஞ்சளோ இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடும் வலி நாளின் ரத்த முடிவோடும் சேர்த்து அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். வலி ரோம் அளவுகோலில் சொன்ன மாதிரி இல்லை என்று அவர் சொன்னால், கல் இருந்தும் எண்டோஸ்கோபிக்கு அனுப்பினால், முகம் சுளிக்காமல் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.